பன்னிரண்டு பேர் குடும்பத்தில் மிஞ்சியது இருவர்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு நூறு வயதுக் கூட்டமைப்பு உடைந்த கதை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்று ஒரு சிறிய நகரம். 2024 நவம்பர் 23ந் தேதி அங்கே ஒரு கால்பந்துப் பந்தயம் நடந்தது. ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதின. 41க்கு 38 என்ற புள்ளிக் கணக்கில் ஓரிகன் ஸ்டேட் ஜெயித்தது.

ஜெயித்ததிலும் தோற்றதிலும் விசேஷம் ஒன்றும் இல்லை. அந்த இரு அணிகளும் சேர்ந்திருந்த லீக்கில் அந்த ஆண்டு இருந்ததே அந்த இரண்டு அணிகள்தான். சொந்த லீக்குக்குள் ஆட வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு எதிராளி! மற்றப் பந்தயங்களுக்கெல்லாம் வெளியாரைத் தேடிப் பிடித்து ஆடினார்கள். அடுத்த ஆண்டு, 2025ல், இதே இருவரும் ஒரே மாதத்தில் இரண்டு முறை மோதிக்கொண்டார்கள்.

லீக்கின் பெயரோ "பேக்-12". பசிபிக் என்பதன் சுருக்கம் "பேக்". பன்னிரண்டு என்பது உறுப்பினர்களின் எண்ணிக்கை. பெயர்ப் பலகையில் பன்னிரண்டு, வீட்டுக்குள்ளே இரண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூப்பரேஜ் மைதானத்தில் நாம் பார்க்கிற கால்பந்து அல்ல இது. பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம், எதிரி மேலே விழுந்து மடக்கலாம். காலால் உதைப்பது எப்போதாவதுதான். ஆனாலும் அமெரிக்கர்களுக்குக் கால்பந்து என்றால் இதுதான்.

இன்னொன்று. நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தென் மண்டலம், மேற்கு மண்டலம் என்று பிரித்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எந்த மண்டலம் என்பதை ஊர் இருக்கும் இடம் முடிவு செய்துவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தாமாகக் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொள்கின்றன. அதற்குக் "கான்பரன்ஸ்" என்று பெயர். மாநாடு என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். ஒரு வீட்டில் குடித்தனம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பிடித்தால் இருக்கலாம், வேறு வீடு நல்லதாகக் கிடைத்தால் போய்விடலாம்.

போர்ட்லாண்டு ஓட்டலில் பிறந்தது

1915 டிசம்பர் 2ந் தேதி ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டு நகரில் ஓர் ஓட்டலில் நான்கு கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பெர்க்கிலி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஓரிகன் பல்கலைக்கழகம், இன்று ஓரிகன் ஸ்டேட் என்று அழைக்கப்படும் ஓரிகன் விவசாயக் கல்லூரி. நால்வரும் சேர்ந்து பசிபிக் கரை கான்பரன்சைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பந்தயங்கள் ஆரம்பமாயின.

ரயிலில் போய் ஆடிவிட்டு ரயிலில் திரும்பி வந்த காலம் அது. பக்கத்து ஊர்க்காரனோடு ஆடினால்தான் கட்டுப்படியாகும். பக்கத்து ஊர்க்காரனோடு ஆடினால்தான் ரோஷமும் இருக்கும்.

குடும்பம் பெருகியது. 1917ல் வாஷிங்டன் ஸ்டேட் வந்தது. 1918ல் ஸ்டான்போர்டு. 1922ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஐடஹோ பல்கலைக்கழகமும். 1924ல் மொன்டானா. 1928ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் யு.சி.எல்.ஏ. ஆக மொத்தம் பத்து.

இந்தப் பத்திலும் இரண்டு ஜாதி உண்டு என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் ஆகிய பெருநகரங்களைச் சார்ந்தவர்கள் ஒரு பக்கம். கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற சின்ன ஊரில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும் ஐடஹோ, மலைநாட்டு மொன்டானா, ஓரிகன்காரர்கள் இருவர் ஆகியோர் இன்னொரு பக்கம். ஆட்டத்தில் இந்தச் சின்ன ஊர்க்காரர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் அல்ல. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் புத்தாண்டு தினத்தன்று நடக்கும் "ரோஸ் பவுல்" பந்தயத்துக்கு அமெரிக்கா முழுவதும் மகா மதிப்பு. 1916ல் அதில் ஆடி, கிழக்கிலிருந்து வந்த பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என்று தோற்கடித்தது வாஷிங்டன் ஸ்டேட்.

1942 ரோஸ் பவுல் இன்னும் சுவாரசியமானது. முந்திய டிசம்பரில் ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தில் குண்டு வீசிவிட்டார்கள். மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. பந்தயத்தையே நாட்டின் மறு கோடிக்கு, வடக்கு கரோலினாவின் டர்ஹம் நகரத்துக்கு மாற்றினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானம் அது. அங்கே போய் டியூக் அணியை 20-16 என்று வீழ்த்திவிட்டு வந்தது ஓரிகன் ஸ்டேட்.

இந்தக் கான்பரன்சில் ஆடியவர்களில் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. பின்னாளில், 1947ல், அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1939ல் யு.சி.எல்.ஏ. அணிக்காகக் கால்பந்து ஆடியவர்தான். பெரிய கல்லூரிகள் பலவற்றில் கறுப்பர் ஒருவருக்கும் இடமில்லாதிருந்த அந்த நாளில் அந்த அணியில் நான்கு கறுப்பர்கள் ஆடினார்கள்.

ரகசியப் பணமும் முதல் பிரிவினையும்

கல்லூரி விளையாட்டு வீரன் கூலிக்கு ஆடக் கூடாது என்பது அன்றைய சட்டம். செய்கிற சில்லறை வேலைக்கு ஏதோ ஒரு தொகை, அதற்கு மேல் தம்பிடி கூடாது. சட்டம் அப்படி இருக்க, நடப்பு வேறாக இருந்தது. ஊர்ப் பணக்காரர்கள் நிதி திரட்டி வீரர்களின் பையில் ரகசியமாகப் போட்டு வந்தார்கள்.

1956ல் பானை உடைந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் செர்பர்க் என்ற பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மனுஷர் சும்மா இருக்கவில்லை. இன்ன நிதியிலிருந்து இப்படியிப்படிப் பணம் போகிறது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். விசாரணை வாஷிங்டனோடு நிற்கவில்லை. யு.சி.எல்.ஏ., தெற்கு கலிபோர்னியா, பெர்க்கிலி எல்லாம் மாட்டிக்கொண்டன. அபராதம், தடை, ஒருவர் மேல் ஒருவர் புகார். வேலை போன செர்பர்க் என்ன ஆனார் தெரியுமா? அதே ஆண்டு தேர்தலில் நின்று வாஷிங்டன் மாநிலத்தின் துணை கவர்னர் ஆனார். 1957 முதல் 1989 வரை, 32 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்!

கசப்பு தீரவில்லை. மொன்டானா 1950லேயே விலகிவிட்டது. 1959ல் கான்பரன்சையே கலைத்துவிட்டார்கள். கலைத்த கையோடு பெர்க்கிலி, யு.சி.எல்.ஏ., தெற்கு கலிபோர்னியா, வாஷிங்டன் ஆகிய நால்வரும் புதிதாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். சீக்கிரமே ஸ்டான்போர்டும் சேர்ந்தது. யார் யார் என்று பாருங்கள். எல்லாம் பெருநகரத்துக்காரர்கள். ரகசியப் பணத்தில் மாட்டிய நால்வரும் உள்ளே. சின்ன ஊர்க்காரர்களான ஓரிகன், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ நால்வரும் வெளியே.

அந்தச் சமயத்தில் ஒரு விசித்திர யோசனையும் கிளம்பியது. ராணுவ, கடற்படைக் கல்லூரிகளையும் கிழக்கத்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றையும் சேர்த்து, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரே கான்பரன்ஸ். ஆகாய விமானத்தில் பறந்து பறந்து ஆட வேண்டியது. "விமானக் கான்பரன்ஸ்" என்றே அதற்குப் பெயர் வந்தது. கைகூடவில்லை. ஆனால் இந்த யோசனையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே நிறுத்தப்பட்டவர்களில் வாஷிங்டன் ஸ்டேட் 1962ல் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஓரிகன்காரர்கள் இருவரும் 1964ல் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் ஆனதால் 1968ல் "பேக்-8" என்று பெயர் வைத்தார்கள். 1978ல் அரிசோனா, அரிசோனா ஸ்டேட் இரண்டும் வந்து "பேக்-10" ஆயிற்று. ஐடஹோவை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தில் மாற்றம் இல்லை. அமைதியான காலம். இதற்குள் இவர்கள் வாங்கிய தேசியப் பட்டங்கள் எல்லா விளையாட்டுக்களிலும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் குவிந்தன. "சாம்பியன்களின் கான்பரன்ஸ்" என்று தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

டெலிவிஷன் புகுந்தது

இந்த அமைதிக்கு நடுவில், 1984ல், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. அதுவரை கல்லூரிக் கால்பந்தை டெலிவிஷனில் காட்டுவதற்கு தேசியச் சங்கம் ஒன்றுதான் ஒப்பந்தம் செய்யும். யாரை எத்தனை தடவை காட்டலாம் என்பதும் அதன் கையில். ஒக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. இது ஏகபோகம், செல்லாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருவர் பைரன் ஒயிட். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடி நாடறிந்த வீரராக இருந்தவர். ஒன்பது நீதிபதிகளில் அந்த விளையாட்டை உள்ளிருந்து அறிந்தவர், இதை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்று எழுதினார். அவர் பக்கம் ஆள் சேரவில்லை.

தீர்ப்பின் பலன் மெல்லத் தெரிந்தது. இனிமேல் ஒவ்வொரு கான்பரன்சும் தன் பந்தயங்களைத் தானே விற்கலாம். யாரிடம் பார்வையாளர் அதிகமோ அவனுக்கு விலை அதிகம். பக்கத்து ஊர் என்பதற்கு இருந்த மதிப்பு போய், எத்தனை வீட்டில் டெலிவிஷன் பெட்டி என்பதற்கு மதிப்பு வந்தது.

2010ல் பேக்-10 தலைமை ஒரு பெரிய வலை வீசியது. டெக்சாஸ், ஒக்லஹாமா உள்பட ஆறு பெரிய பல்கலைக்கழகங்களை ஒரே வீச்சில் இழுத்துப் பதினாறு பேர் ஆகிவிடுவது என்று திட்டம். வலையில் விழுந்தது கொலராடோ ஒன்றுதான். அதோடு யூட்டாவையும் சேர்த்துக்கொண்டு 2011ல் "பேக்-12" ஆனார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு தங்கள் வீட்டை உடைத்துவிட்டார்கள் என்று அழுதவர்கள், அன்று அடுத்தவர் வீட்டு ஓட்டைப் பிரிக்கப் போனவர்கள்தான்.

அதே ஆண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு டெலிவிஷன் ஒப்பந்தம் போட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. 2012ல் சொந்தமாக டெலிவிஷன் சானல்களும் தொடங்கினார்கள். அங்கேதான் கணக்குத் தப்பியது. அந்தச் சானல்கள் நாட்டின் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. மற்ற பெரிய கான்பரன்சுகள் வருமானத்தில் முன்னே போய்விட்டன.

ஒரே நாளில் ஐந்து பேர்

2022 ஜூன் 30ந் தேதி முதல் இடி. தெற்கு கலிபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் "பிக் டென்" கான்பரன்சுக்குப் போவதாக அறிவித்தன. பிக் டென் என்பது 1896ல் சிகாகோவில் தொடங்கிய பழைய கூட்டமைப்பு. மத்திய மேற்கு மாநிலங்களைச் சேர்ந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அது 7 ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட டெலிவிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய டெலிவிஷன் சந்தை என்பதை நினைத்துக்கொண்டால் ஏன் கூப்பிட்டார்கள் என்பது புரியும்.

மிச்சமிருந்த பத்துப் பேரும் புது ஒப்பந்தத்துக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். இதற்குள் "பிக் 12" என்ற போட்டிக் கான்பரன்ஸ் முந்திக்கொண்டு 2022 அக்டோபரிலேயே தன் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. 2023 ஜூலையில் கொலராடோ அங்கே போய்விட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனியிடமிருந்து ஒரு திட்டம் வந்தது. எத்தனை பேர் சந்தா கட்டிப் பார்க்கிறார்களோ அதைப் பொறுத்து வருமானம் கூடும் என்ற ஏற்பாடு. எட்டாந்தேதி வருமா, பத்தாந்தேதி வருமா என்று சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், கூடும் என்ற சொல்லுக்கும் கிடைக்கும் என்ற சொல்லுக்கும் உள்ள தூரம்.

2023 ஆகஸ்டு 4ந் தேதி வெள்ளிக்கிழமை. மீதி ஒன்பது பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்த்த நாள். அன்றைக்கு ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போய்விட்டன. அங்கே முழுப் பங்கு கிடையாது, ஏறத்தாழப் பாதிதான் என்று தெரிந்தே போனார்கள். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் அன்றே பிக் 12 பக்கம் சாய்ந்தன. ஒரே நாளில் ஐந்து பேர். செப்டம்பர் 1ந் தேதி ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் போயின. போன இடம் எது? அட்லாண்டிக் கரை கான்பரன்ஸ்! பசிபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரை உறுப்பினர்கள். அதுவும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு டெலிவிஷன் பணத்தில் சுமார் 30 சதவீதப் பங்குக்கு.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பாஸ்டனுக்குச் சுமார் 4,300 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். கால்பந்து அணிக்குப் பெரும்பாலும் வாரம் ஒரு பந்தயம், தனி விமானம், சமாளித்துக்கொள்ளும். வாலிபாலும் சாப்ட்பாலும் ஆடும் பெண்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் அப்படியா? படிப்பு என்று ஒன்று இருக்கிறதே! 1959ல் கைகூடாத "விமானக் கான்பரன்ஸ்" 65 ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் இப்படி வந்து சேர்ந்தது.

அணையப் போகிற விளக்கு பளிச்சென்று எரியும் என்பார்கள். பழைய பேக்-12ன் கடைசி சீசன் வெகு ஜோராக இருந்தது. 2023 டிசம்பர் 1ந் தேதி லாஸ்வேகாசில் நடந்த கடைசி இறுதிப் பந்தயத்தில் வாஷிங்டன் 34-31 என்று ஓரிகனை வென்று, தேசிய இறுதிப் பந்தயம் வரை போயிற்று. அங்கே மிச்சிகனிடம் தோற்றது. ஜெயித்தவரும் தோற்றவரும் அடுத்த ஆண்டு ஒரே புது வீட்டில் குடித்தனம்.

வீடு யாருக்கு?

மிஞ்சியவர்கள் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அறுபது ஆண்டுக்கு முன் வெளியே நிறுத்தப்பட்ட அதே சின்ன ஊர்க்காரர்கள்.

போகிற பத்துப் பேரும் போன பிறகாவது பேசாமல் இருந்தார்களா என்றால் இல்லை. கான்பரன்ஸ் நிர்வாகக் குழுவில் தங்களுக்கு இன்னும் ஓட்டு உண்டு என்றார்கள். பத்துக்கு இரண்டு என்றால் கஜானாவைப் பங்கு போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம் அல்லவா? இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். விலகுவதாக அறிவித்தவன் நிர்வாகக் குழுவில் உட்கார முடியாது என்று கான்பரன்சின் விதியிலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தெற்கு கலிபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் விலகியபோது இதே விதிப்படி அவற்றைக் கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது இப்போது கைகொடுத்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் கோல்பாக்ஸ் என்ற சிற்றூர் கோர்ட்டு 2023 நவம்பர் 14ந் தேதி இருவருக்கும் சாதகமாக உத்தரவிட்டது. டிசம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. பிறகு சமரசம் ஏற்பட்டது. போகிறவர்கள் தங்களுக்கு வர வேண்டியதில் மொத்தம் 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். பெயர், சொத்து, வழக்கு, பொறுப்பு எல்லாம் இருவருக்கே.

பாகப் பிரிவினையில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் நம் ஊரில் வெடி வைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் பெரிய வீடு கையில் இருந்து என்ன, வாடகை வந்தால்தானே? எட்டு அணிக்குக் குறைந்தால் அதைக் கான்பரன்ஸ் என்று ஏற்க முடியாது என்பது தேசியச் சங்கத்தின் விதி. குறைந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் ஆள் சேர்த்தாக வேண்டும்.

சேர்த்தார்கள். எங்கிருந்து? பக்கத்து வீட்டிலிருந்து. "மவுண்டன் வெஸ்ட்" என்ற கான்பரன்ஸ்தான் 2024ல் இந்த இருவரோடும் பந்தயம் ஆட ஒப்புக்கொண்டு கைகொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதிலிருந்தே பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான்டியகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐவரையும் இழுத்துவிட்டார்கள். ஆள் இழுத்தால் அபராதம் என்று பந்தய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஐவருக்கும் சேர்த்து 5.5 கோடி டாலர் கேட்டார்கள். அந்த ஷரத்தே செல்லாது என்று பேக்-12 கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு வருஷத்துக்கு முன் விதியைக் காட்டி ஜெயித்தவர்கள், இப்போது விதி செல்லாது என்கிறார்கள்! இந்த இடத்தில் எனக்கு அவர்கள் மேல் இருந்த அனுதாபம் கொஞ்சம் குறைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எட்டு சேராவிட்டால் பூண்டோடு போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

2025 ஜூன் 30ந் தேதி டெக்சாஸ் ஸ்டேட்டும் ஒப்புக்கொண்டது. பசிபிக் பெருங்கடலுக்கும் டெக்சாசுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதோடு கால்பந்துக்கு எட்டு என்ற கணக்கு நேராயிற்று. கால்பந்து அணியே இல்லாத கொன்சாகா பல்கலைக்கழகமும் கூடைப்பந்துக்காகச் சேர ஒப்புக்கொண்டது. புது ஏற்பாட்டுக்குக் குறித்த தேதி 2026 ஜூலை 1.

இந்தக் கலவரங்களுக்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. 2025 ஜூன் 6ந் தேதி ஒரு சமரசத் தீர்ப்பின்படி, பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். எந்தக் குற்றத்துக்காக 1956ல் இவர்கள் ஒருவரையொருவர் சந்தி சிரிக்க வைத்தார்களோ, அது இப்போது பட்ஜெட்டில் ஓர் இனம்.

ஐடஹோ என்ன ஆயிற்று என்று கேட்கலாம். புது உறுப்பினர்களில் முதலில் வந்த பாய்சி ஸ்டேட் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்ததுதான். 1932ல் சிறிய கல்லூரியாகத் தொடங்கி, நீல நிறத் தரை போட்ட மைதானத்தால் நாடெங்கும் பேர் வாங்கிய பல்கலைக்கழகம் அது. 1922ல் சேர்ந்து 37 ஆண்டு கூட இருந்த பழைய ஐடஹோ பல்கலைக்கழகம் 2018ல் தானாகவே ஒரு படி இறங்கி, "பிக் ஸ்கை" என்ற சிறிய கான்பரன்சுக்குப் போய்விட்டது. வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து 13 கிலோமீட்டர். இந்தத் தடவையும் அதற்கு அழைப்பு இல்லை.